சோதனையில் கண் சுத்தம். வலி மட்டும் போகவில்லை!

வாசகர் கேள்வி – கண் மருத்துவர்கள் பதில்

கண்ணில் நாள்பட்ட எரிச்சல், குத்தல், கூச்சம் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

மூன்று வருடமாக இரண்டு கண்ணும் எரிகிறது. மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி. ஃபேன் காற்று பட்டாலே தாங்கவில்லை. மதுரை வரை போய் நாலு டாக்டரிடம் காட்டிவிட்டேன். "கண் நல்லா இருக்கும்மா, ஒன்றுமில்லை" என்கிறார்கள். வீட்டில் நான் நடிக்கிறேன் என்று பேச்சு. ஒன்றுமில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது?
– வாசகி, காரைக்குடி

நரம்பிலிருந்து வருகிறது. நீங்கள் நடிக்கவில்லை.

கருவிழியில் வலி நரம்பு முனைகள் தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. உடம்பிலேயே வேறெங்கும் இவ்வளவு கிடையாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முதல் கிளையிலிருந்து இவை வருகின்றன. அவற்றில் ஒரு வகை, தூசி, முடி போன்றவை தொட்டால் உணரும். இன்னொரு வகை சூடு, காரம், வீக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கும். மூன்றாவது வகை குளிர்ச்சியை அளக்கும். கண்ணீர் ஆவியாகும்போது கருவிழி சற்றுக் குளிர்கிறது. அதை உணர்ந்து "கண்ணைச் சிமிட்டு, நீர் விடு" என்று சொல்வது இந்த மூன்றாவது வகைதான். ஃபேன் காற்று உங்களுக்கு மட்டும் ஊசியாகக் குத்துவதற்கு இந்த நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டதே பெரும்பாலும் காரணம்.

நாள்பட்ட உலர் கண், அறுவை சிகிச்சை, அக்கி, சுண்ணாம்பு பட்ட காயம் என்று ஏதோ ஒன்றில் நரம்பு முனைகள் அறுபட்டு மறுபடி வளரும்போது சில கோணலாக வளர்கின்றன. தூண்டுதல் இல்லாமலே வலிச் செய்தி அனுப்புகின்றன. முகப்பில் ஆளில்லை, அழைப்பு மணி மட்டும் ஒயர் கோளாறால் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலைப் போய்ப் பார்த்தவர் "யாருமில்லை" என்பது உண்மை. மணி அடிப்பதும் உண்மை. டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்ப்பது வாசலை, ஒயரை அல்ல. ("ஒன்றுமில்லை" என்பதற்குப் பதில் "மேற்பரப்பில் ஒன்றுமில்லை" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.)

அடுத்த முறை போகும்போது மூன்று சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, ஷிர்மர் சோதனை: கீழிமையில் ஒரு காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது. 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பொதுவாகப் போதிய கண்ணீர். 5-க்குக் கீழே என்றால் கடுமையான வறட்சி. இரண்டு, மஞ்சள் சாயம் விட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பது. 10 விநாடிக்குள் உடைந்தால் கண்ணீர் நிலைக்கவில்லை. இமை எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். வலிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுவிட்டு, மரப்புச் சொட்டு ஒன்று விட்டு, ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். வலி முழுதும் மறைந்தால் கோளாறு கண்ணின் மேற்பரப்பு நரம்புகளில். பாதி குறைந்தால் மேற்பரப்பிலும் உள்ளேயும். கொஞ்சமும் குறையாவிட்டால் மூளைப் பக்கத்து வலிப் பாதையே கூர்மையாகிவிட்டது. அப்போது இன்னொரு கண் சொட்டு வாங்கிப் பயனில்லை, மாத்திரை வழியில் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மரப்புச் சொட்டு 15, 20 நிமிடம் சொர்க்கமாக இருக்கும். அதை எப்படியாவது வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். தொடர்ந்து விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது, புண்ணாகும், ஓட்டையே விழலாம்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். பார்வை அருமை. ஆனால் ஆபரேஷன் செய்த கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஓயாத உறுத்தல். மூன்று டாக்டர்கள் எழுதியதில் நாலு பாட்டில் சேர்ந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பதினாலு தடவை சொட்டு விடுகிறேன். விட விட எரிச்சல் கூடுகிறது. வயது 64. கண் பிரஷருக்கும் ஒரு சொட்டு உண்டு.
– வாசகர், தேவகோட்டை

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. விட விடத்தான் கூடுகிறது.

புரைக்கான வெட்டு சிறியதுதான், ஆனாலும் அந்த வழியே போகும் நரம்பு இழைகள் சில அறுபடும். பலருக்குச் சில மாதங்களில் அது அடங்கிவிடும். ஏற்கெனவே உலர் கண், ஒற்றைத் தலைவலி, நாள்பட்ட முதுகுவலி, சர்க்கரை இருப்பவர்களுக்கு அடங்காமல் நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

அதன் மேல் சொட்டு மருந்து. பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்பொருளில் மிகப் பரவலானது பென்சால்கோனியம் குளோரைடு. கிருமியைக் கொல்கிற அதே குணம் கருவிழியின் மேல்தோலையும் நரம்பு முனையையும் அரிக்கும். நாளைக்கு ஒன்றிரண்டு சொட்டில் பெரிய தீங்கில்லை. பதினாலு தடவை என்றால் புண்ணைச் சொறிந்து சொறிந்து மருந்து தடவுவது போலத்தான். பாட்டில் அட்டையைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள், பதப்பொருளின் பெயர் அச்சாகியிருக்கும். செயற்கைக் கண்ணீரை நாளைக்கு 4 தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பதப்பொருள் இல்லாததற்கு மாறுவதே முறை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், சோடியம் ஹயலூரோனேட் 0.1 சதவீதம் இரண்டும் தனித்தனிச் சிறு குப்பிகளாகக் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். திறந்த குப்பியை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். மிச்சம் பிடித்தால் பதப்பொருள் இல்லாத நீரில் கிருமி வளரும்.

பிரஷர் சொட்டை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. கண் நரம்பைக் காப்பது அது. "பதப்பொருள் இல்லாத அதே மருந்து உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள், பல மருந்துகளுக்கு உண்டு. மற்ற பாட்டில்களில் எது ஸ்டீராய்டு என்று அவரிடமே குறித்து வாங்குங்கள். அது வீக்கத்தைக் குறைக்கக் கொஞ்ச நாளைக்கு எழுதுவது. மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷரை ஏற்றும்.

விடும் முறையும் முக்கியம். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண் அதிகம் போனால் 30 தான் தாங்கும், மீதி கன்னத்தில். ஆகவே ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். கீழிமையை இழுத்து அந்தப் பையில் விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை 2 நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 10 நிமிட இடைவெளி. உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

இப்படி மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். நரம்பு ஒரு வாரத்தில் மனம் மாறாது.

ஆத்தங்குடிக் கல் போடும் வேலை. போன வருடம் சிமெண்ட் கலவை கண்ணில் தெறித்தது. உடனே கழுவினேன், புண் ஆறிவிட்டது. இப்போது வெளிச்சம் பட்டால் கண் கூசிக் குத்துகிறது. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடிதான்.
– வாசகர், ஆத்தங்குடி

சிமெண்டும் சுண்ணாம்பும் காரப் பொருள்கள். அமிலம் பட்ட இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். மேல்தோல் ஆறிய பிறகும் அடியில் நரம்பும் இமைச் சுரப்பிகளும் பழுதுபட்டிருக்கலாம். முதலில் கண்ணீரும் இமையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகும் நிற்கிற கூச்சம்தான் நரம்புடையது.

வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியை விடுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழகச் சாதாரண வெளிச்சமும் வெயிலாகத் தெரியும். வெயிலில் மட்டும் கறுப்பு. உள்ளே வெறுங்கண், தாங்காவிட்டால் இளஞ்சிவப்புச் சாயல் உள்ள கண்ணாடி. ஒளிக்கூச்சத்துக்கென்றே அந்தச் சாயலில் செய்கிறார்கள்.

வேலையில், நிறக் கலவை ஊற்றிய அச்சில் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவும்போதுதான் தூசி எழும்புகிறது. பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அப்போது கட்டாயம். இனி யாருக்காவது தெறித்தால்: ஓடும் சுத்தமான தண்ணீரில் கடிகாரம் பார்த்து 30 நிமிடம். மேலிமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் துகளை ஈரப் பஞ்சால் எடுக்க வேண்டும். ஒரு துகள் தங்கினாலும் அது கரைந்து கரைந்து சுடும். மோர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கழுவிய பிறகு நேரே கண் ஆஸ்பத்திரி.

எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. நெற்றியிலும் கண்ணிமையிலும் அக்கி வந்தது. வேளார் (குயவர்) வீட்டில் கொப்புளத்தின் மேல் காவி எழுதினோம், பத்திருபது நாளில் கொப்புளம் காய்ந்தது. நாலு மாதமாகியும் அந்தப் பக்கம் நெற்றியும் கண்ணும் தீயாய் எரிகிறது. சீப்பு படக்கூட விடுவதில்லை. எழுதியதில் குறையா?
– வாசகி, கானாடுகாத்தான்

எழுதியதில் குறையுமில்லை, பலனுமில்லை. அக்கிக் கொப்புளம் தானாகவே இரண்டு முதல் நான்கு வாரத்தில் காயும். காவிக்குப் பேர் கிடைப்பது அதனால். ஆனால் காவி எழுதப் போன நாள்கள்தான் நஷ்டம். சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் நரம்பு முடிச்சில் உறங்கி, வயதானபின் விழித்து நரம்பு வழியே வருவதுதான் அக்கி. கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் கண்ணுக்கு வரும் கேடு குறைகிறது. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளைக்கு ஐந்து வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு. சிறுநீரகத்தைப் பார்த்து டாக்டர் மாற்றுவார். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். மூக்குக்கும் கருவிழிக்கும் போவது ஒரே கிளை நரம்பு.

இப்போது அப்பத்தாவுக்கு இருப்பது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. மூன்று மாதம் கடந்தும் நின்றால் அந்தப் பெயர். பாரசிட்டமால் அதிகம் உதவாது. கபாபென்டின், ப்ரிகாபலின், நார்ட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஒன்றைக் குறைந்த அளவில் இரவில் தொடங்குவார்கள். முதல் இரண்டு வாரம் தலை சுற்றும், தள்ளாடும். உங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் நிலைப்படி உயரம். வளவிலிருந்து (உள்முற்றத்திலிருந்து) முகப்புக்குப் போக நாலு படி தாண்ட வேண்டும். இரவில் ஒற்றையாய் எழுந்து போக விடாதீர்கள், கட்டிலடியில் ஒரு விளக்கு எரியட்டும். மிளகாய்ச் சத்து சேர்த்த வலிக் களிம்பைக் கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எரிச்சல் திடீரென்று காணாமல் போய், கண் மட்டும் சிவந்து மங்கினால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அக்கி சிலருக்குக் கருவிழியை மரக்கச் செய்துவிடும். வலியில்லாமலே புண் வளரும்; அது இந்த எரிச்சலைவிட ஆபத்து.

வீட்டில் 50 வயது தாண்டிய மற்றவர்களுக்கு: அக்கிக்குத் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கண் நரம்பு வலிக்கு நார்ட்ரிப்டிலின் எழுதினார்கள். மெடிக்கலில் "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்றார். பயந்து நாலு நாளில் நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு எதற்கு அந்த மாத்திரை?
– வாசகி, கோட்டையூர்

மனச்சோர்வுக்கு அந்த மாத்திரை 75 மில்லிகிராம், அதற்கு மேலும் போகும். நரம்பு வலிக்கு 10-ல் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கூட்டி, பலருக்கு 25, 50-க்குள் நிறுத்துவது. மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் பாதை ஒன்று உண்டு. அதற்கு வலுக் கொடுப்பதுதான் இங்கே அதன் வேலை. பலனை மதிப்பிட 6 முதல் 8 வாரம் வேண்டும். நாலு நாளில் கிடைப்பது பக்க விளைவு மட்டும்தான்: வாய் உலர்தல், மலச்சிக்கல், காலைத் தூக்கம். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டால் காலை மப்பு குறையும். கண்ணையும் சற்று உலர்த்தும், ஆகவே செயற்கைக் கண்ணீரை நிறுத்தாதீர்கள். மாரடைப்பு வந்தவர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், குறுங்கோணக் கண் பிரஷர், சிறுநீர் அடைப்பு உள்ளவர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் போட்ட பிறகு நிறுத்துவதானால் படிப்படியாக. மறுபடி தொடங்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். மெடிக்கல் கடையில் அல்ல.

சொந்த ரத்தத்திலிருந்து சொட்டு மருந்து செய்து தருவார்களாமே? மதுரையில் வாங்கி வந்தால் வழியில் கெட்டுவிடுமா?
– வாசகர், புதுக்கோட்டைச் சாலை, காரைக்குடி

செய்வார்கள். ரத்தம் எடுத்து உறைய வைத்து, சுழற்றிப் பிரித்த தெளிநீரை உப்பு நீரோடு கலந்து 20 சதவீதமாக்கி (சிலருக்கு 50 வரை) குப்பிகளில் அடைப்பார்கள். கடையில் வாங்கும் கண்ணீரில் இல்லாத நரம்பு வளர்ச்சிப் பொருள்கள் அதில் உண்டு. மரப்புச் சொட்டில் வலி குறைந்தவர்களுக்குத்தான் இது உதவும். குறையாதவர்கள் ரத்தத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டாம். பலன் தெரிய மூன்று, நான்கு மாதமாகும்.

கொண்டு வருவது சிரமமில்லை. தெர்மாகோல் பெட்டி, அடியிலும் மேலும் உறைந்த ஜெல் பை, இடையில் குப்பிகள். இரண்டு மணி நேரப் பஸ் பயணத்துக்குத் தாராளம். வீட்டில் ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை. அன்றைக்குத் தேவையான ஒரு குப்பியை மட்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து, மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மின்வெட்டில் உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. நீர் கலங்கினாலோ நூல் நூலாகத் தெரிந்தாலோ அந்தக் குப்பி போகட்டும்.

இரவு ஒரு மணிக்கு இடது கண்ணுக்குப் பின்னால் கடப்பாறையால் குத்தின வலி. முக்கால் மணி நேரம். அந்தக் கண்ணில் மட்டும் நீர், அந்தப் பக்க மூக்கு அடைப்பு. படுக்க முடியாமல் வளவைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். மூன்று வாரமாகத் தினமும். இதுவும் கண் நரம்பு வலியா?
– வாசகர், பள்ளத்தூர்

நரம்பு சம்பந்தப்பட்டதுதான், ஆனால் கருவிழியில் இல்லை. கடிகாரம் வைத்த மாதிரி ஒரே நேரம், ஒரே பக்கம், 15 நிமிடம் முதல் 3 மணி நேரம், உட்கார முடியாத தவிப்பு என்பதெல்லாம் கொத்துத் தலைவலியின் அடையாளம். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார், இவர் நடப்பார். போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம். முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன், 15 நிமிடம் கொடுத்தால் பலருக்கு வலி இறங்கும். வராமல் தடுக்க வேறு மாத்திரை உண்டு. இந்த வாரங்களில் மது தொடவே வேண்டாம், ஒரு மடக்கே வலியைக் கிளப்பிவிடும். முதல் முறை வருகிறது என்றால் ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால்: எது விடலாம்?
– வாசகி, கண்டனூர்

எதுவும் உள்ளே விடக் கூடாது. பூவை மூடிய இமை மேல் குளிர்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கெடுதலில்லை.

அரவை மில்லில் வேலை. நெல் உமி கண்ணில் விழுந்து இரண்டு நாளாக வலி. இதுவும் நரம்பு வலியாக இருக்குமா? பழைய சொட்டு மருந்து ஒன்று வீட்டில் இருக்கிறது.
– வாசகர், புதுவயல்

இருக்காது. இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். உமி கீறிய இடத்தில் பூஞ்சை புகுந்தால் கருவிழிப் புண்ணாகும். கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். வீட்டில் உள்ள பழைய பாட்டிலில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு நாள் சிவப்பு குறைந்து நிம்மதி கிடைக்கும், அடியில் பூஞ்சை செழிக்கும். அதை விடாதீர்கள், ஆனால் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். கசக்க வேண்டாம், கட்டுப் போட வேண்டாம், நாக்கால் எடுக்கிறவரிடமும் போக வேண்டாம். புண்ணைச் சுரண்டிச் சோதித்தால் பூஞ்சையா பாக்டீரியாவா என்று பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு.